இங்கிலீஷ் பாடத்தில் இரண்டு குரல்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் திருச்சி தில்லை நகரில் ஒரு பயிற்சி மையத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மையம். கீழே பல் ஆஸ்பத்திரி, மாடியில் நாங்கள். கீழே இருந்து வரும் மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் 'ஹவ் ஆர் யூ' எல்லாம் நடக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கி எடை பார்த்துத்தான் வாங்குவேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும், தப்பித் தவறி டீச்சராயிட்ட" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மையத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரில் வகுப்பு. மற்ற நாட்களில் பாடம் எல்லாம் மொபைல் ஆப்பில். ஆப் ஒரு வாக்கியத்தைப் பேசும், இல்லையென்றால் ஒரு கேள்வி கேட்கும். மைக் பட்டனை அமுக்கி நாம் பதில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் 'டிங்' என்று மணியடித்து மார்க் போடும். யார் எத்தனை மணிக்குப் பாடம் செய்தார், என்ன மார்க் என்பதெல்லாம் டீச்சரின் போனில் தெரியும். அவர்கள் பேசிய பதிவையும் கேட்கலாம். மற்ற டீச்சர்கள் மார்க்கைப் பார்ப்பதோடு சரி. நான் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் கேட்பேன். ஒரு நர்ஸுக்குப் பதிலாக அவர் தங்கை பேசியதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். 'பேசியது வேறு ஆள்' என்று டிக் போட அந்த ஆப்பில் ஒரு கட்டம் உண்டு. எங்கள் மையத்திலேயே அந்தக் கட்டத்தை அதிகம் பயன்படுத்தியது நானாகத்தான் இருக்கும்.

அந்த பேட்ச்சில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வயது நாற்பத்து நான்கு. சிராத்தம், திதி போன்ற காரியங்களுக்கு ஆசாரமாகச் சமைத்துக் கொடுப்பவர். அவர்கள் பாஷையில் சமையலுக்குத் தளிகை என்று பெயர். வெளிநாட்டில் நம்மவர்கள் கட்டிய ஒரு பெருமாள் கோயிலில் மடைப்பள்ளிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஆசாரம் தெரிந்தவராக இருக்க வேண்டும், அங்கே சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். இருந்தது ஒரே ஓர் இடம். நாற்பத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு தடவை இங்கிலீஷ் வராததால் தேர்வாகாமல் திரும்பி வந்தவர் அவர். இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பே கிடையாது. ஆள் அனுப்பும் ஏஜென்சி சென்னையில் இருந்தது. அவர்கள் என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் வாயே திறக்க மாட்டார். கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவார். மையத்துத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. நோட்டில் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. மற்றவர்கள் பேசும்போது தரையைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். போர்டில் எழுதி வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே திணறுவார். ஆனால் ஆப்பில் பார்த்தால் தொண்ணூறுக்குக் குறைந்து மார்க்கே இல்லை. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

பாடம் செய்த நேரத்தைப் பார்த்தேன். தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். முதல் நாள் அறிமுகத்தின்போது, "கார்த்தால ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அடுப்படியை விட்டு நகர முடியாது மிஸ்" என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அடுப்படியில் நிற்கிற மனிதர் அதே நேரத்தில் போனில் எப்படிப் பாடம் செய்வார்?

இயர்போனை மாட்டினேன். மைக்கில் பேசியது ஒரு பெண். தெளிவான குரல், நல்ல உச்சரிப்பு. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டபோது இன்னொன்றும் காதில் விழுந்தது. அந்தப் பெண் பேசுவதற்கு முன்னால் எங்கேயோ தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், ஓர் ஆண் குரல் அதே வாக்கியத்தை இரண்டு தடவை சொல்கிறது. அதன் பிறகுதான் அவள் சொல்கிறாள். ஒரு வாரத்துப் பதிவுகளைக் கேட்டேன். எல்லாவற்றிலும் இதே கதை. சரிதான், பெண்டாட்டி பாடம் செய்கிறாள், பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்த எவனோ உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறான், அவளுக்குப் புரியட்டும் என்று இரண்டு இரண்டு தடவை சொல்லித் தருகிறான் என்று முடிவு கட்டினேன். குடும்பமே சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறது என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேனா? இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்களாம். அடுத்த ஞாயிறு, அவர் ஆப்பில் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிய பாடத்திலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துப் போர்டில் எழுதினேன். எழுந்து வாசிக்கச் சொன்னேன். மூன்று வார்த்தை வரைக்கும் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்துபோனது. எனக்கு உள்ளூர ஒரு வெற்றிக் களிப்பு. இன்று அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் டிக் போட்டேன். கூடவே இரண்டு வரி விளக்கமும் எழுதி அனுப்பினேன். மதியமே ஏஜென்சியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் குடுக்கணும் மேடம். பேரை எடுக்கறதுன்னா ஆதாரம் வேணும், குரலை மட்டும் வச்சு சொல்ல முடியாது. வியாழக்கிழமைக்குள்ள ஏதாவது அனுப்புங்க" என்றார். ஆதாரம்தானே, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தேன். அவர் விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைத் தனியாக எழுதி வைத்திருந்தேன். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நீளமான பழைய வீடு. வாசல் கதவு திறந்தே இருந்தது. கூப்பிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கூப்பிட்டால் போனை மறைத்துவிடுவார்களே! செருப்பைக் கழற்றிவிட்டு, ரேழியில் சத்தம் போடாமல் நடந்தேன். நெய் காயும் வாசனை வந்தது. பாதி தூரத்தில் எனக்கு நன்றாகப் பழகிய சத்தம் கேட்டது. டிங்.

சுவரோடு ஒட்டி நின்று போனை எடுத்து வீடியோவை ஓட விட்டேன். முற்றத்தைத் தாண்டிச் சமையலறை. அதன் வாசலுக்கு வெளியே ஒரு பலகையில் எனக்கு முதுகைக் காட்டி ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். கையில் போன். எங்கள் ஆப். 'வசமாக மாட்டினீர்கள்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆப் பேசியது. தரை ஈரமாக இருக்கிறது, பார்த்து நடங்கள் என்ற பொருளில் ஓர் இங்கிலீஷ் வாக்கியம். சமையலறைக்கு உள்ளேயிருந்து, கரண்டி கிண்டுகிற சத்தத்தோடு, அந்த ஆண் குரல் அதையே இரண்டு தடவை சொன்னது. பிறகு அந்தப் பெண்மணி போனை வாயருகே வைத்து ஒரு தடவை சொன்னார். டிங். அடுத்தது கேள்வி. எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வாய்? அவர் வாயைத் திறக்கவில்லை, காத்திருந்தார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அடுப்பை அணைப்பேன், பாத்திரத்தை மூடுவேன், தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று இங்கிலீஷில் நிதானமாகப் பதில் வந்தது. மறுபடியும் அதே பதில் இன்னொரு தடவை. அவர் அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போனில் சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே இடுப்பில் பஞ்சகச்சம், கையில் கரண்டி, அடுப்பு வெளிச்சத்தில் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தவர் என் மாணவரேதான். எடுத்துக் கொடுக்கிற 'எவனோ' அவர்தான். பாடம் செய்தது அவர்தான். பெண்டாட்டி அவருக்குப் பதிலாக விரலையும் வாயையும் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

என் நிழலைப் பார்த்தோ என்னவோ அந்த அம்மா திரும்பிவிட்டார்.

"யாரது? நீங்க... தில்லை நகர் மிஸ்ஸா?" என்றவரின் பார்வை என் கையில் இருந்த போனுக்குப் போனது. "என்ன மிஸ், வீடியோ எடுக்கறேளா?"

நான் என்னவோ உளறிக்கொண்டு முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன். "அங்கேயே நில்லுங்கோ! அவர் மடியில இருக்கார்" என்று கத்திவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னைத்தான் எட்டி நிற்கச் சொல்கிறார்கள் என்று கோபம் வந்தது. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். சமையலறை வாசலில் செம்மண்ணால் ஒரு கோடு. அந்த அம்மாவே கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

மடி என்றால் ஆசாரச் சுத்தம். குளித்துவிட்டு மடி வேஷ்டி கட்டி உள்ளே போனால், தளிகை முடிந்து சாப்பாடு சிராத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அவர் வெளியில் எதையும் தொடக் கூடாதாம். பெண்டாட்டியைக்கூடத்தான். ஊரெல்லாம் சுற்றி வருகிற போனைக் கேட்கவே வேண்டாம். இந்த வழக்கத்தை நான் ஒப்புக்கொள்கிறேனா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் நிறையவே மனத்தாங்கல் உண்டு. ஆனால் அவருடைய பிழைப்பு அதில்தான் இருக்கிறது. அந்த வெளிநாட்டுக் கோயிலும் அதைத்தானே கேட்கிறது.

"மத்தியானம் சாமான் வாங்கப் போகணும், சாயங்காலம் பாராயண கோஷ்டி. கார்த்தாலதான் இவருக்கு வாய் சும்மா இருக்கு" என்றார் அந்த அம்மா. "இங்கேருந்து இவர் குரல் போனுக்கு எட்டலை மிஸ். 'ட்ரை அகெய்ன், ட்ரை அகெய்ன்'னே அது கத்திண்டிருந்தது. அதான் இவர் சொல்றதை அப்படியே நான் திருப்பிச் சொல்றேன்."

ஏன் இரண்டு தடவை சொல்கிறார் என்று கேட்டேன். அவரே உள்ளேயிருந்து பதில் சொன்னார். "பாடசாலைல சந்தை சொல்ற வழக்கம் மிஸ். வாத்தியார் ஒரு தடவை சொல்வார், நாங்க ரெண்டு தடவை சொல்லணும். நாலாயிரம் பாசுரத்தையும் அடியேன் அப்படித்தான் கத்துண்டேன். எழுத்தைப் பார்த்தா ஓடாது. காதுல விழுந்தா ஒட்டிண்டுடும்."

நானோ அவரைப் போர்டைப் பார்த்து வாசிக்கச் சொல்லி, நாலு பேர் எதிரில் நிற்க வைத்துச் சிரிக்க விட்டிருந்தேன்.

ஒளித்துப் பயனில்லை. திங்கட்கிழமை நான் எழுதி அனுப்பியதைச் சொன்னேன். அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்க எதிர்ல வந்து உட்கார்ந்துட்டு வராரே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மிஸ்? கேட்டா சொல்ல மாட்டாரா?"

"விடு, அவாளுக்கு எப்படித் தெரியும்" என்று உள்ளேயிருந்து அவர் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"முதல்ல அந்த வீடியோவை அழிச்சுடுங்கோ" என்றார் அந்த அம்மா. "மடியில இருக்கறவரைத் திருட்டுத்தனமா படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பறதுக்கா?" நான் அவர் கண் எதிரிலேயே அழித்தேன். அழித்தவை போய்த் தங்கும் குப்பைப் பெட்டிக்குள்ளும் போய் அங்கேயும் அழித்துக் காட்டினேன். சந்து முனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் குற்றமற்றவர் என்று காட்டுவதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். மனசு எனக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்தது. சட்டப்படி பார்த்தால் மைக்கில் பேசியது வேறு ஆள்தானே, நீ டிக் போட்டதில் என்ன தப்பு? நீ அங்கே போனது அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? பேசாமல் இரு, வெள்ளிக்கிழமை தானாகப் போய்விடும். காவிரிப் பாலம் முழுக்க இப்படியே ஓடியது. பாலம் தாண்டி இறங்கி, சாலையோரத்தில் நின்றபடியே ஏஜென்சிக்குப் போன் போட்டேன். நல்ல மனசு என்றெல்லாம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அந்த வீட்டம்மா சொன்னது என்னை விடவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"திங்கட்கிழமை ஏமாத்துறாருன்னீங்க. இன்னிக்கு நல்லவருங்கறீங்க. வீடியோ எடுத்தேன்னும் சொல்றீங்க, அழிச்சுட்டேன்னும் சொல்றீங்க" என்றார் அந்த ஏஜென்சி அம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அவங்க வீட்டுக்குப் போயிருந்தீங்கள்ல... ஏதாவது கவனிச்சாங்களா மேடம்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கைநீட்டி வாங்கியிருப்பேன் என்கிறார். பதினோரு வருடமாக டீச்சராக இருக்கிறேன், ஒருத்தர் வீட்டில் காப்பி குடித்தவள் இல்லை. இதை யாரிடம் போய் எப்படி நிரூபிப்பது? என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது. தப்பு செய்யாதவருக்கும் நாக்கு குழறும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சாலையோரத்தில் நின்று அழாத குறையாகக் கெஞ்சினேன். நான் சொல்வதை நம்ப வேண்டாம், அவரை நேரிலேயே பேச வைத்துக் கேளுங்கள் என்றேன்.

சாயங்காலம் ஏஜென்சி அம்மா திரும்ப அழைத்தார். நாளைக் காலை பத்து மணிக்குக் கோயில்காரர்களே வீடியோ காலில் பேசுவார்கள், அங்கே அவர்களுக்கு அதுதான் தோதான நேரம், மாற்ற முடியாது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்த நேரத்தில் பெண்டாட்டி வீட்டிலேயே இருக்கக் கூடாது. "அந்தம்மா மேலதானே கம்ப்ளெய்ன்ட். போனை நீங்களே பிடிங்க" என்றார்.

வியாழக்கிழமை பக்கத்து வீதியில் ஒரு சிராத்தம். பன்னிரண்டு மணிக்குள் தளிகை போய்ச் சேர வேண்டும். அதனால் பத்து மணிக்கு அவர் மடியில்தான் இருந்தாக வேண்டும். நான் ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன். அந்த அம்மா போனை என் கையில் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசவில்லை. "கையை இறக்கிடாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய் நின்றுகொண்டார்.

செம்மண் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கையை நீட்டக்கூடிய மட்டும் நீட்டிப் போனைப் பிடித்தேன். திரையில் இரண்டு பேர். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், அந்த ஊர்க்கார அம்மாள் ஒருவர். அங்கே சமையற்கூட நிர்வாகம் அவர் பொறுப்பாம். கேள்வி எல்லாம் அவர்தான் கேட்டார். சமைத்த உணவை எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம், கையில் வெட்டுக்காயம் பட்டால் என்ன செய்வாய், எறும்பு வந்தால் என்ன செய்வாய். இவர் வாழைக்காயை வதக்கிக்கொண்டே பதில் சொன்னார். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை சொன்னார். இலக்கணத்தில் அங்கங்கே ஓட்டை இருந்தது. ஆனால் ஒரு பதிலுக்கும் நிற்கவில்லை.

சரியாகக் கேட்கவில்லை, போனைக் கையில் எடுத்துப் பேசு என்றார் அந்த அம்மாள். சாப்பாடு போகும் வரைக்கும் நான் போனைத் தொட முடியாது, மன்னிக்க வேண்டும், சத்தமாகப் பேசுகிறேன் என்று இவர் இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ விளக்கினார். பிறகு, அந்தச் சின்ன வாணலியில் என்ன இருக்கிறது, இவருக்குச் சொல் என்றார் பெரியவர். பிரண்டைத் துவையல். பிரண்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கே தெரியாது, எங்கள் ஆப்பிலும் அப்படிப் பாடம் எதுவும் இல்லை. வேலியில் ஏறும் ஒரு கொடி, பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கும், நெய்யில் நன்றாக வறுத்தால் அரிக்காது என்று அவர் தனக்குத் தெரிந்த வார்த்தைகளை வைத்தே சொல்லி முடித்தார். அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார்.

எனக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். முடிந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் அந்த அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்தார். உன் டீச்சர் எழுதிய ரிப்போர்ட் இது, உனக்குப் பதிலாக வேறு ஆள் பாடம் செய்ததாக எழுதியிருக்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். போனைப் பார்த்தார். போனுக்குப் பின்னால் என் முகம்தான் இருந்தது. வேறு எங்கேயும் பார்க்க எனக்கும் வழியில்லை.

"மை டீச்சர் டிட் நாட் சீ" என்றார். "நவ் ஷீ இஸ் ஹோல்டிங் த போன்."

வழக்கம்போல அதையும் இன்னொரு தடவை சொன்னார். குரலில் கோபம் இல்லை. உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கையை மட்டும் இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது. இரண்டு மாதத்தில் கிளம்பிப் போனார். புறப்படுவதற்கு முன் மையத்துக்கு வந்து எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தார். எனக்கும்தான். மன்னிப்புக் கேட்டேன். பெரிய வார்த்தை எல்லாம் எதுக்கு மிஸ் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு எனக்கு ஆள் அனுப்பவில்லை. என்னைப் பற்றி அவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ, கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவர் வீட்டம்மாவைக் காந்தி மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். அடுத்த வருஷம் தானும் அங்கே போகப்போவதாகக் காய்கறிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார், நின்று பேச மாட்டார். எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போதும் ஆப் வழியாகத்தான் பாடம் நடத்துகிறேன், இப்போதும் இயர்போன் மாட்டி எல்லாப் பதிவையும் கேட்கிறேன். போன மாதம்கூட ஒருத்தர் குரலில் சந்தேகம் வந்தது. மறுநாளே உறையூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, வாய்விட்டுக் கூப்பிட்டு, அவரிடமே கேட்டேன். அவர் நிஜமாகவே ஏமாற்றியிருந்தார். அதனால் சந்தேகப்படுவதை நான் விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவர் மேல் முடிவு கட்டுவதைத்தான் விட்டுவிட்டேன்.